கார்டில் உன் பெயர், கணக்கு அம்மா பெயரில்

அருப்புக்கோட்டை,
புரட்டாசி, ஞாயிறு.

அன்புள்ள தம்பிக்கு,

நீ கேட்ட ஆட்-ஆன் கார்டு வியாழக்கிழமை அம்மா பெயருக்கு வந்து சேர்ந்தது. இந்தக் கடிதத்தோடு கூரியரில் அனுப்புகிறேன். இன்னும் அதை ஆக்டிவேட் செய்யவில்லை, பின் நம்பரும் போடவில்லை. கைக்குக் கிடைத்ததும் அம்மாவை அழைத்து, இரண்டு பேரும் பேசிக்கொண்டே அதைச் செய்யுங்கள். அதற்கு முன்னால் இதை முழுக்கப் படித்துவிடு. போனில் சொன்னால் நீ "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

கார்டின் மேல் உன் பெயர் அழகாக அச்சாகியிருக்கிறது. அதைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். அப்பா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் அம்மா கையெழுத்துப் போட்ட படிவத்தில் இருந்ததை நான்தான் வரி வரியாகப் படித்தேன். நீ எங்கே தேய்த்தாலும், எவ்வளவு தேய்த்தாலும், கட்ட வேண்டியவர் அம்மா ஒருவர்தான். இது அந்த வங்கி தானாக வைத்த நிபந்தனை இல்லை. ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்து அந்த ஆண்டு ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கிரெடிட் கார்டு விதிகளிலேயே இருக்கிறது. முதன்மை அட்டைதாரர் பெயர் குறித்துச் சொல்கிறவருக்குத்தான் ஆட்-ஆன் கார்டு தரலாம், பொறுப்பு முழுக்க முதன்மை அட்டைதாரருடையது என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கிறது. நீ கட்டவில்லை என்று உன்னைத் தேடி யாரும் ஹாஸ்டலுக்கு வரமாட்டார்கள். அம்மாவின் பள்ளிக்கூடத்துக்குத்தான் போன் வரும்.

நம் ஊருக்கு இது புது ஏற்பாடு இல்லை. திருச்சுழியில் நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மளிகைக் கடையில் பற்று நோட்டு இருந்தது உனக்கு நினைவிருக்கும். நீயும் நானும் போய் "அம்மா கணக்குல எழுதிக்கங்க" என்று சொன்னால் சாமான் கிடைக்கும். பணம் நம்முடையது இல்லை, நாணயமும் நம்முடையது இல்லை. அம்மா பேருக்குக் கடை கொடுத்த மரியாதையில் நாம் வாங்கினோம். ஆனால் அங்கே ஒரு காவல் இருந்தது. நீ ஒருநாள் சீரகத்தோடு சேர்த்து கிரிக்கெட் பந்து வாங்கிக் கணக்கில் எழுதச் சொன்னபோது, கடைக்கார மாமா எழுதாமல், "அம்மாகிட்ட கேட்டுட்டு வாடா" என்று திருப்பி அனுப்பினார். இந்தக் கார்டில் அந்த மாமா இல்லை. சென்னையில் எந்தக் கடை மெஷினும் உன்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பாது. அவர் செய்த வேலையை இனி நீயேதான் செய்துகொள்ள வேண்டும்.

அடுத்து, டல்லஸில் இருக்கும் அத்தை மகன் உன்னிடம் சொன்ன விஷயம். பெற்றோர் கார்டில் பேரைச் சேர்த்துக்கொண்டால் நம் கிரெடிட் ஸ்கோர் ஏறும் என்று அவன் சொன்னது பொய் இல்லை. ஆனால் அவன் சொல்வது அவன் இருக்கும் ஊர்க் கதை. அமெரிக்காவில் 2009-இல் வந்த ஒரு சட்டப்படி, 21 வயது நிரம்பாதவர்களுக்குச் சொந்த வருமானமோ, உடன் பொறுப்பேற்கப் பெரியவர் ஒருவரோ இல்லாமல் கார்டு தர முடியாது. அதனால் அப்பா அம்மா தங்கள் கார்டிலேயே பிள்ளையை 'ஆதரைஸ்டு யூசர்' ஆகச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கணக்கின் நடப்பு பெரும்பாலும் பிள்ளையின் கிரெடிட் அறிக்கையிலும் ஏறிவிடும். பெற்றோர் பல வருஷம் ஒழுங்காகக் கட்டியிருந்தால் அந்த நல்ல பேரில் ஒரு பங்கு பிள்ளைக்கும் கிடைக்கும். இதைக் காசு பண்ணப் பார்த்தவர்களும் அங்கே இருந்தார்கள். முன்பின் தெரியாதவர்களைக் கூட நல்ல கார்டுகளில் சேர்த்துவிட்டுக் கட்டணம் வாங்கினார்கள். அதனால் அங்கே கிரெடிட் ஸ்கோர் போடும் ஃபைகோ நிறுவனம் 2007-இல் இந்தக் கணக்குகளை மதிப்பெண்ணில் சேர்க்கவே போவதில்லை என்று அறிவித்து, அடுத்த வருஷம் அந்த முடிவை மாற்றிக்கொண்டது.

இங்கே நடைமுறை வேறு. ஆட்-ஆன் கார்டில் நீ செய்யும் செலவும், அதைக் கட்டுவதும், அம்மாவின் பான் நம்பரோடு அம்மா பேரில்தான் வழக்கமாக சிபிலுக்குப் போகும். 300-இல் தொடங்கி 900 வரை போகும் அந்த மதிப்பெண்ணில் நல்லது நடந்தாலும் கெட்டது நடந்தாலும் அது அம்மாவுக்கு. உன் பேரில் ஒன்றுமே பதிவாகாது. நாலு வருஷம் இந்தக் கார்டை வைத்திருந்தாலும், நீ வேலைக்குச் சேர்ந்து முதல் கடன் கேட்கும்போது கடன் வரலாறு இல்லாத ஆளாகத்தான் நிற்பாய். ஆகவே ஸ்கோருக்காக இந்தக் கார்டு என்ற எண்ணத்தை விட்டுவிடு. அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

நீ மேற்படிப்புக்கு வெளிநாடு போகக் கல்விக் கடன் கேட்கப் போகிறாய் அல்லவா? அதில் உன்னோடு சேர்ந்து கையெழுத்துப் போடப் போகிறவர் அம்மா. வங்கி உன் மார்க் ஷீட்டைப் பார்க்கிற அதே மேசையில் அம்மாவின் சிபில் அறிக்கையையும் விரித்துப் பார்க்கும். அம்மாவின் கார்டுக்கு மொத்த லிமிட் ரூ.1,20,000. உனக்கென்று தனி லிமிட் எதுவும் கிடையாது, அந்த ஒரு லிமிட்டுக்குள்தான் இருவரும். நீ சொன்ன 70,000 ரூபாய் லேப்டாப்பை இதில் வாங்கினால், லிமிட்டில் பாதிக்கு மேல் ஒரே நாளில் போய்விடும். முப்பது சதவீதத்துக்குள் உபயோகித்தால் நல்லது என்று எங்கள் கடன் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. லிமிட்டை ஒட்டி ஒட்டிச் செலவு செய்கிறவர் பண நெருக்கடியில் இருக்கிறார் என்று மதிப்பெண் போடுகிற முறை எடுத்துக்கொள்ளும். உன் கடனுக்கு அம்மா கையெழுத்துப் போட வேண்டிய சமயத்தில், உன் செலவாலேயே அம்மாவின் மதிப்பெண் இறங்கி நிற்கக்கூடாது. லேப்டாப்புக்கு அப்பா வேறு ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். அதை அவரிடமே பேசு.

வட்டி விஷயத்தை நம் ஊர்க் கணக்கிலேயே சொல்கிறேன். பல வங்கிகள் கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி போடுகின்றன. அதாவது மூன்றரை வட்டி. வருஷத்துக்கு 42 சதவீதம். மூணு வட்டிக்கு வாங்கினவர்கள் நிலத்தை விட்டுப் போனதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-இல் தனிச் சட்டமே வந்தது. கார்டு வட்டி 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் ஒரு தீர்ப்பு சொல்லியிருந்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே அந்த உச்ச வரம்பும் இப்போது இல்லை. தேதிக்குள் மொத்த பில்லையும் கட்டினால் இந்த வட்டி ஒரு ரூபாய் கூட வராது என்பதும் உண்மை. ஆனால் பில்லில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒன்று போட்டிருப்பார்கள். அதுதான் ஆளை அமுக்குவது.

என் மேசைக்கு வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பேரும் ஊரும் வேண்டாம். ஓய்வூதியம் வாங்குகிறவர். பெண் கல்யாணத்துக்குக் கடன் கேட்டு வந்தார். ஒருநாளும் தவணை தவறாத மனிதர். ஆனால் கார்டில் லட்ச ரூபாய் பாக்கி குறையாமல் நின்றது. அவர் கார்டைத் தொடுவதே இல்லை. வெளியூரில் வேலை தேடிக்கொண்டிருந்த மகன் ஆட்-ஆன் கார்டில் எடுத்தது. மகனிடம் கேட்டால் மனசு கஷ்டப்படுவான் என்று இவர் ஒன்றும் கேட்கவில்லை. மாதம் தவறாமல் குறைந்தபட்சத் தொகையைக் கட்டி வந்தார். நான் ஒரு தாளை எடுத்து அவர் முன்னாலேயே கணக்குப் போட்டேன். லட்ச ரூபாய்க்கு மூன்றரை வட்டி 3,500 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, 630 ரூபாய். அவர் கட்டியது 5,000 என்றால், அசலில் கழிவது 870 ரூபாய். அந்த மாதத்தில் மகன் இன்னும் ஆயிரம் ரூபாய்க்கு எதையாவது வாங்கினால் அசல் ஏறத்தான் செய்யும். போதாததற்கு, பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குகிற பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். அவர் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அவனுக்கு இது தெரியாதும்மா" என்று மகனுக்காகப் பேசினார். அந்த மகன் கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. அவனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். உனக்கு நான் சொல்லிவிட்டேன்.

நம் வீட்டு வருமானம் எப்படி வருகிறது என்று நீ யோசித்திருக்கிறாயா? நீ பார்த்து வளர்ந்ததுதான், ஆனால் பில் கட்டுகிற இடத்திலிருந்து பார்த்திருக்க மாட்டாய். அப்பாவின் கரிசல் மானாவாரி. இப்போது புரட்டாசியில் பருத்தியும் மிளகாயும் ஊன்றிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐப்பசி கார்த்திகையில் மழை பெய்து, கண்மாயில் தண்ணீர் ஏறி, களை எடுத்து, மருந்தடித்து, மாசிக்கு மேல்தான் பருத்தி எடுப்பும் மிளகாய்ப் பழமும். வற்றலைக் காயவைத்து விருதுநகருக்கு ஏற்றி, அன்றைக்கு என்ன விலையோ அதற்குத் தள்ளிவிட்டு வர வேண்டும். வருஷத்தில் ஓரிரு மாதம்தான் அப்பா கையில் காசு புழங்கும். மழை ஏமாற்றினால் அதுவும் இல்லை. அப்போது குதிரைவாலியும் மாட்டுக்குத் தட்டையும்தான் மிச்சம். அதுகூட இல்லாத வருஷங்களில் வேலியோரத்துச் சீமைக் கருவேலத்தைக் கரிமூட்டம் போடுகிறவர்களிடம் விற்றுக் காலம் தள்ளியதை நீ பார்த்திருக்கிறாய்.

அப்பாவின் கிசான் கார்டும் அம்மாவின் கிரெடிட் கார்டும் ஒரே பீரோவில் ஒரே டப்பாவில் இருக்கின்றன. இரண்டுக்கும் பேர் கார்டுதான். கிசான் கார்டுத் திட்டம் 1998-இல் வந்தது. அறுவடை முடிந்து, விளைந்ததை விற்கிற காலத்தை ஒட்டித் தவணை வைத்தார்கள். மூன்று லட்சம் வரைக்கும் ஏழு சதவீத வட்டி, ஒழுங்காகத் திருப்பினால் அதில் மூன்று சதவீதம் தள்ளுபடி. ஆக வருஷத்துக்கு நாலு சதவீதம். அதே விவசாயி கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிக் கெடுவுக்குள் கட்டினால் நம் மாநிலத்தில் வட்டியே இல்லை. நம் மண்ணைப் பார்த்துப் போட்ட ஏற்பாடு அது. அம்மாவின் கார்டு மாதச் சம்பளக்காரர்களைப் பார்த்துச் செய்தது. அதற்கு ஐப்பசியும் தெரியாது, பங்குனியும் தெரியாது. ஒவ்வொரு மாதமும் பதினெட்டாம் தேதி கேட்கும். வருஷத்தில் பத்து மாதம் இந்த வீடு நடப்பது அம்மாவின் ஒரு சம்பளத்தில். மின்சாரம், உன் ஃபீஸ், விதைப்புக்கு ஆள் கூலி, பாட்டியின் மருந்து எல்லாமே அதிலிருந்துதான். அம்மா ஓய்வு பெற இன்னும் நாலு வருஷம் இருக்கிறது. நீ கார்டைத் தேய்க்கும்போது அந்தச் சம்பளத்தில் கை வைக்கிறாய். கை வைக்க உனக்கு உரிமை இருக்கிறது. அம்மா மனசார கொடுத்தது. எந்த மாதம் எவ்வளவு தாங்கும் என்று தெரிந்து கை வை என்றுதான் சொல்கிறேன்.

இதில் அம்மாவின் சுபாவம் வேறு. நீ அங்கே ஒன்று வாங்கியதும் அம்மா போனில் செய்தி வந்து விழும். வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும்போதும் வரும். இடைவேளையில் படித்துப் பார்ப்பாள். ஏதோ ஒரு பேர், ஏதோ ஒரு தொகை. என்னவென்று உன்னிடம் ஒருநாளும் கேட்கமாட்டாள். கேட்டால் பிள்ளையைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும் என்பாள். தீபாவளிக்குச் சேலை எடுக்காமல் "இருக்கிறதே போதும்" என்று சொல்லி அந்த இடத்தை நிரப்பிவிடுவாள். அவள் கேட்கமாட்டாள் என்பதால் நீதான் சொல்ல வேண்டும். செய்தி போய்ச் சேர்வதற்கு முன்னால் உன் சொல் போய்ச் சேர வேண்டும். "அம்மா, இன்னிக்கு ரெக்கார்டு நோட்டும் ஷூவும் வாங்கப் போறேன், ரெண்டாயிரம் ஆகும்" என்று ஒரு வரி. இதற்காக அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. கணக்கில் பேர் இருக்கிறவருக்குத் தெரிந்து செலவு நடக்க வேண்டும், அவ்வளவுதான். இந்தக் கடிதத்தில் நான் உன்னிடம் கேட்டுக்கொள்கிற முக்கியமான விஷயம் இதுதான். மற்ற விதிகளை மறந்தாலும் இதை மறந்துவிடாதே.

திருச்சுழிக்காரர்களுக்கு இதை வெளியிலிருந்து யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. சுந்தர மந்திரத்துக்குப் பாட்டி நம்மை அழைத்துப் போவாளே, 1879-இல் ரமணர் பிறந்த வீடு. அவர் மதுரையை விட்டுப் புறப்பட்டது 1896 ஆகஸ்ட் 29. அன்றைக்கு அவர் கையில் இருந்த பணம் அவருடையது இல்லை. காலேஜ் ஃபீஸ் கட்டிவிடு என்று அண்ணன் நாகசுவாமி எடுத்துக்கொள்ளச் சொன்ன ஐந்து ரூபாய். ஒரு பழைய வரைபடத்தைப் பார்த்து ரயில் செலவுக்கு மூன்று ரூபாய் போதும் என்று கணக்குப் போட்டார். மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனார். அண்ணனின் ஃபீஸ் இன்னும் கட்டவில்லை, பணம் இதோ இருக்கிறது என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவைத்தார். தன்னைத் தேடிப் பணம் செலவு செய்ய வேண்டாம் என்றும் எழுதியிருந்தார். வீட்டையும் உறவையும் படிப்பையும் ஒரே நாளில் விடுகிற பதினாறு வயதுப் பையன், அண்ணன் பணத்துக்குக் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான். அந்த வாழ்க்கை வரலாற்றில் எத்தனையோ பெரிய விஷயங்கள் இருக்கின்றன. கடன் மேசையில் உட்கார ஆரம்பித்த பிறகு எனக்கு அந்த இரண்டு ரூபாய்தான் திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் கார்டுக்கு மட்டும் மாதம் 8,000 ரூபாய் என்று அம்மாவும் நானும் ஆப்பில் உச்ச வரம்பு வைக்கப் போகிறோம். உன்னை நம்பாததால் இல்லை. தொலைந்தால் நஷ்டம் அந்த அளவோடு நிற்க வேண்டும் என்பதற்காக. வெளிநாட்டு உபயோகத்தை மூடியே வைக்கிறோம். பின் நம்பர் இல்லாமல் மெஷினில் தட்டினாலே 5,000 ரூபாய் வரை போய்விடும் என்பதால் அதையும் நிறுத்தி வைத்துக்கொள், மெட்ரோவுக்கும் பஸ்ஸுக்கும் வேறு வழி இருக்கிறது. இந்தக் கார்டில் ஏடிஎம்மில் பணம் மட்டும் எடுக்காதே. எடுத்த நிமிஷத்திலிருந்து வட்டி, தனியாகக் கட்டணம். கார்டு தொலைந்தாலோ, நீ செய்யாத செலவுக்குச் செய்தி வந்தாலோ, அந்த ராத்திரியே வங்கிக்கும் அம்மாவுக்கும் சொல்லிவிடு. மோசடி என்றால் 1930-க்கும் அழை. வங்கிக்கோ உனக்கோ சம்பந்தமில்லாத வேறு இடத்தில் நடந்த கோளாறு என்றால், மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் நம் தலையில் விழாது. ஓடிபியை நீயே யாருக்காவது சொல்லிவிட்டால், வங்கியிடம் சொல்கிற வரைக்கும் போகிற பணம் நம் பொறுப்புதான்.

மெஸ் பில், டீ, ஆட்டோ மாதிரி அன்றாடச் செலவுக்குக் கார்டே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். 2024 ஆகஸ்டில் யுபிஐ சர்க்கிள் என்று ஒன்று வந்தது. அம்மா தன் யுபிஐ-யில் உன்னைச் சேர்த்துக்கொண்டால், அம்மாவின் கணக்கிலிருந்து நீயே கட்டலாம். முழு அனுமதி கொடுத்தால் ஒரு தடவைக்கு 5,000, மாதத்துக்கு 15,000 ரூபாய்க்கு மேல் போகாது. இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் அம்மா பின் போட்டால்தான் போகிற மாதிரியும் வைக்கலாம். அம்மா வகுப்பில் இருப்பாள், அது சரிப்படாது, முழு அனுமதியே போதும். இருக்கிற பணத்திலிருந்து போகிறது, கடன் இல்லை, வட்டி இல்லை. ஆட்-ஆன் கார்டை ஹாஸ்டல் ஃபீஸ், ஆஸ்பத்திரி, ரயில் டிக்கெட், பரீட்சைக் கட்டணம் போன்றவற்றுக்கு வைத்துக்கொள்.

உன் பேரில் ஸ்கோர் ஏறுவதற்கான வழி இது. நீ பிறந்தபோது தாத்தா உன் பேரில் போட்ட டெபாசிட் இப்போது ரூ.30,000 அளவில் இருக்கிறது. அதைப் பிணையாக வைத்து உன் பேரிலேயே ஒரு கார்டு வாங்கலாம். சம்பளம் கேட்கமாட்டார்கள். டெபாசிட்டில் பெரும்பாலும் முக்கால் பங்குக்குக் குறையாமல் லிமிட் தருவார்கள், டெபாசிட்டுக்கு வட்டியும் ஏறிக்கொண்டே இருக்கும். அதில் போன் ரீசார்ஜும் ஒரு புத்தகமும் வாங்கு, தேதிக்கு முன்னால் முழுக்கக் கட்டு. அது உன் பான் நம்பரில் பதிவாகும். வேலைக்குப் போகும்போது உனக்கென்று ஒரு கணக்கு இருக்கும். அந்தக் கார்டு ஓடத் தொடங்கிய பிறகு அம்மாவின் ஆட்-ஆனை எழுதிக் கொடுத்து மூடிவிடலாம்.

தீபாவளிக்கு வரும்போது பான் கார்டு, ஆதார், இரண்டு போட்டோ மறக்காமல் எடுத்து வா. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு இங்கே இறங்கு, என் வண்டியிலேயே வங்கிக்குப் போய்விட்டு, சாயங்காலம் திருச்சுழிக்குப் பஸ் ஏற்றிவிடுகிறேன். மழை வந்தால் அப்பா காட்டை விட்டு நகரமாட்டார், ஆகவே அவரை நம்பி வேலையைத் தள்ளிப்போடாதே. மாமா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். பாப்பா நீ வாங்கித் தருவதாகச் சொன்ன கலர் பென்சிலை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதை உன் கைக்காசில் வாங்கி வா.

அன்புடன்,
உன் அக்கா.